வீட்டை யாருக்கு விற்றேன், ஏன் விற்றேன்

தம்பி,

செவ்வாய்க்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து பேசியபோது பாதியில் லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட் ஆகவில்லை. நான்தான் வைத்தேன். "ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டியேம்மா" என்று நீ சொன்ன பிறகு அந்தப் போனைக் காதில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பதில் இல்லாமல் இல்லை. போனில் பதில் சொன்னால் என் குரல் உயரும், உடனே நீ "சரி, விட்டுடும்மா" என்பாய், அத்துடன் பேச்சு முடிந்ததாகிவிடும். கடிதத்தின் நடுவில் உன்னால் அதைச் சொல்ல முடியாது. சிதம்பரத்தில் உன் சித்தி வீட்டு முன்னறையில் பாதிப் பெட்டிகளை நான் இன்னும் பிரிக்கவில்லை. கோபுரத்துப் புறாக்கள் ஜன்னலில் வந்து அசுத்தம் செய்கின்றன. அவற்றை விரட்டிவிட்டு, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதலிலிருந்து எழுதுகிறேன். முழுவதையும் படித்த பிறகு கூப்பிடு.

கடலூர் வீட்டை விற்பது என்று முடிவு செய்தது நான். மஞ்சக்குப்பத்து வீடு என் பெயரில் இருந்தது. என் சம்பளத்தின் மேல் கடன் வாங்கிக் கட்டியது. அப்பா போன பிறகு மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சித்தியும் சிதம்பரத்தில் தனியாக இருக்கிறாள். இரண்டு கிழவிகள் இரண்டு ஊரில் தனித்தனியாக விழுந்து கிடப்பதைவிட ஒரே ஊரில் இருப்பது மேல் என்று பட்டது. புரோக்கரைத் தேடிக் கொடுத்தது நீ. "முரளி இப்ப ரியல் எஸ்டேட்தாம்மா பண்றான். நம்ம முரளி. அவனே எல்லாம் பாத்துக்குவான்" என்றாய். நம்ம முரளிதான். உன்னோடு பத்தாம் வகுப்புவரை படித்தவன், சனிக்கிழமை தோறும் நம் சமையலறையில் தோசை சாப்பிட்டவன், சட்னியில் தேங்காய் குறைந்தால் என்னிடமே குறை சொன்னவன். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன், நெற்றி நிறைய விபூதி என்று வந்து நின்றான். காலில் விழுந்தான். காலில் விழுவதெல்லாம் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பிடித்தது.

நான் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவள். கையெழுத்து வாங்காமல் ஒரு காகிதத்தை என் மேசையைவிட்டு நகரவிட்டதில்லை. அப்படிப்பட்டவள், "வாங்கறவங்க வக்கீலு ஒரிஜினலத்தான் கேப்பாரும்மா, எங்கிட்டயே இருந்தா உங்களுக்கு அலைச்சல் இல்ல" என்று அவன் சொன்னதும் பீரோவைத் திறந்து தாய்ப் பத்திரத்தையும், என் பெயரிலுள்ள கிரயப் பத்திரத்தையும் எடுத்து நீட்டினேன். ரசீது கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் நான் தோசை போட்டுக் கொடுத்த பிள்ளையைச் சந்தேகப்படுவதுபோல ஆகுமே என்று விழுங்கிவிட்டேன். தெரியாதவனிடம் எல்லோரும் ரசீது கேட்பார்கள். தெரிந்தவனிடம் கேட்கத்தான் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லாமல் போனது. இதை நீ சித்தியிடம் சொல்லிச் சிரிக்காதே, அவளுக்கு ஏற்கனவே தெரியும்.

இரண்டாவது தவறு அதைவிட மோசமானது. அன்று அவன் பைக்கை எடுக்கும்போது கேட் வரை போய், "நல்ல குடும்பமா பாத்துக் கொண்டா முரளி. யாரையாச்சும் இழுத்துட்டு வராத" என்றேன். "அதெல்லாம் நீங்க சொல்லணுமாம்மா" என்று சிரித்துக்கொண்டே போனான். நல்ல குடும்பம் என்றால் என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று நீ கேட்கலாம். நேர்மையாகச் சொல்வதானால், யோசிக்காமல் சொன்னேன். நம் ஊரில் யோசிக்காமல் அதைச் சொல்கிறவர்கள் என்ன நினைத்துச் சொல்கிறார்களோ, அதைத்தான் நானும் நினைத்திருப்பேன். கான்வென்டில் பதினோரு வருஷம் மாரல் சயின்ஸ் படித்தும் அது போகவில்லை.

ஐந்து மாதம் பார்ட்டிகள் வந்தார்கள். ஹாலைப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "வீடு நல்லாத்தான் இருக்கு, தெருக்குத்துதான் யோசனையா இருக்கு." எதிரே இருக்கும் சந்து நேராக நம் கேட்டில் வந்து முடிவது உண்மைதான். உன் அப்பாயி அந்தச் சுவரில் ஒரு பிள்ளையாரை வைக்கச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் சாயங்காலம் கடல் காற்று நேராக ஹாலுக்கு வருகிறது என்று வாதம் செய்தேன். ஆனால் வந்த ஆறு பார்ட்டியும் அதே சொற்களில், அதே வரிசையில், அதே பெருமூச்சோடு சொன்னபோது எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவள் நான். ஒரே டிராஃப்டில் வேறு வேறு ஆட்கள் கையெழுத்துப் போட்டால் எனக்குத் தெரியாதா? அவர்களில் ஆறாவதாக வந்தவர் கிளம்பும்போது, "வூட்டுக்காரரு இந்த ஹால்லயேதான் போனாராமே" என்று வேறு கேட்டார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அப்பாவைத் தூக்கப் பிடித்தவர்களில் முரளியும் ஒருவன்.

விலை ஒவ்வொரு தடவையும் இறங்கியது. நான் முடியாது என்றபோது ஒருநாள் முரளி மெதுவாகச் சொன்னான்: "நீங்கதாம்மா பிடிவாதம் பண்றீங்க. உங்க புள்ளயே எந்த வெலைக்கு வந்தாலும் முடிச்சுடுன்னுட்டான். அம்மாவ சிதம்பரத்துல கொண்டு போய் வுட்டா போதும்னான்." அவனுக்கு இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன். அந்த வாக்கியத்துக்கு நான் திரும்பி வருகிறேன், நீ அவசரப்படாதே.

பிரஷர் பார்க்கப் போகும் கிளினிக்கில் ரேவதி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். தேவனாம்பட்டினத்துப் பெண். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே என் சீட்டில் இருந்த முகவரியைப் படித்துவிட்டு, "அந்தச் சந்துக்கு எதிர் வூடா? எங்கம்மா அந்த வூட்டத்தான் கேட்டாங்க" என்றாள். எப்போது கேட்டார்கள் என்றேன். ஆரம்பத்திலேயே, முதல் மாதமே கேட்டிருக்கிறார்கள். நான் சொன்ன விலைக்கு, பேரமில்லாமல். பிறகு என்ன ஆயிற்று என்றேன். அவள் தலையைத் தூக்காமல், கோபமும் இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்: "புரோக்கரு சொன்னாரு, அந்தம்மா நல்ல குடும்பத்துக்குத்தான் குடுப்பாங்களாம், மீன்காரங்களுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்களாம்னு. எங்கம்மா திரும்பி வந்துட்டாங்க." பிறகு கருவியைப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஏறிக் கெடக்கும்மா, கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போங்க" என்றாள். படுத்தேன். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் முடிவு செய்தேன். அவன் என் வீட்டின் விலையைக் குறைத்தது ஒரு பக்கம். என் வாயிலிருந்து போன சொல்லை, என் பெயரைப் போட்டு, ஒரு பெண்ணின் முகத்தில் எறிந்திருக்கிறான். அந்தச் சொல் என்னுடையது இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அவனை நான் விடவில்லை.

மறுநாள் ரேவதியின் அம்மாவை வரவழைத்தேன். பெயர் கஸ்தூரி. சுனாமியில் வீடு போய், கவர்ன்மென்ட் கொடுத்த குடியிருப்பில் இத்தனை காலம் இருந்தவள். புருஷனுக்குப் படகு இருக்கிறது, மகனும் கடலுக்குப் போகிறான். வாசலிலேயே நின்றுகொண்டு, "பாவம் பாத்துக் குடுக்கறதுன்னா வேணாம்மா" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பாவம் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை, நான் முதலில் சொன்ன விலையில் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றேன். உள்ளே வந்தாள். கிணற்றைப் பார்க்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. ஹால் நடுவில் நின்று, "கடல் சத்தம் கேக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். காற்று வரும், சத்தம் வராது என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் விற்பதற்குப் பத்திரம் வேண்டுமே. அது முரளி கையில் இருந்தது. நேரடியாகக் கேட்டிருந்தால் வக்கீலிடம் இருக்கிறது, தேடுகிறேன், நாளைக்கு என்று இழுப்பான். போலீசுக்குப் போனால் எனக்குக் கொடுக்கவே இல்லையே என்பான். ரசீது ஏது? அப்போது அவனே கடைசிப் பார்ட்டி என்று சேகர் என்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கீரப்பாளையம் பக்கம், உரக்கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர், டோக்கன் அட்வான்ஸ் இன்றே கொடுத்துவிடுவார் என்றான். சேகர் கையில் கட்டுக்கட்டாக மந்திரித்த கயிறு. செருப்பை மட்டுமல்ல, பெல்ட்டையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது.

அடுத்த பத்து நிமிஷம் நான் செய்ததை என் கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குரலை இறக்கி, எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு என்று ஆரம்பித்தேன். வீடு கைமாறும் வருஷத்தில், அந்த வீட்டில் போனவருடைய திதி அன்று பத்திரம் அவர் படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், படைத்துவிட்டு எடுத்தால்தான் வீடு அவரை விடும், இல்லாவிட்டால் அவர் பத்திரம் இருக்கிற இடத்துக்குப் போய்விடுவார் என்றேன். அப்படி ஒரு வழக்கம் நம் குடும்பத்தில் மட்டுமல்ல, உலகத்தில் எங்குமே கிடையாது. அப்போதுதான் செய்தேன், சூடாக. முரளி சிரித்துக்கொண்டு, "இதெல்லாம் நீங்க நம்புவீங்களாம்மா?" என்றான். "எனக்கு என்னப்பா, நான் சிதம்பரம் போயிடுவேன். வாங்கறவங்களுக்குத்தான் ஆகாது. தெருக்குத்து வேற இருக்கு, நீதானே ஆள் ஆளா சொல்லி அனுப்பின" என்றேன். சேகரைப் பார்த்தேன். கையிலிருந்த காபியை அவர் மேசையில் வைத்துவிட்டார். திதி என்றைக்கு என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். அது மட்டும் உண்மை.

வியாழக்கிழமை காலையிலேயே சேகர் தானே பத்திரத்தோடு வந்துவிட்டார், மஞ்சள் பையில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. முரளி கொடுக்க மாட்டேன் என்றானாம், சண்டை போட்டு வாங்கி வந்தாராம். "அவரு பீரோவுல இருந்துச்சும்மா. எந்தங்கச்சி அதே ரூம்லதான் தூங்குது. எப்பிடி வுடறது?" என்றார். தங்கச்சி யார் என்றேன். முரளியின் மனைவிதான். வெளியிலிருந்து வந்த பார்ட்டி என்று எனக்குக் காட்டப்பட்டவர் அவனுடைய சொந்த மச்சான். பத்திரத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்து, அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன். அந்த மனுஷர் நிம்மதியாக மூச்சுவிட்டு, பேச்சோடு பேச்சாக, "நீங்க கேட்ட வெலையில நாங்க ஒண்ணும் கொறைக்கலையேம்மா, அப்பறம் ஏன் இவ்ளோ நாளு இழுத்தீங்க?" என்றார். நான் கேட்ட விலை எவ்வளவு என்று உங்களிடம் சொன்னான் என்றேன். சொன்னார். சேகர் கொடுப்பதாக முரளி என்னிடம் சொன்ன விலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு நல்ல கார் வாங்கலாம். தன் மச்சானுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை, நடுவில் அவன்.

அப்போதே அந்த ஹாலில் சேகரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் என்னிடம் மரியாதையாக நடந்தவர், அவருக்கு அந்த நியாயம் உண்டு. சொல்லவில்லை. "ரெஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு எல்லாம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இன்னும் நல்ல இடத்தில் சொல்வதற்காகப் பதினோரு நாள் அதை வாயில் வைத்திருந்தேன். இதை மறைத்தால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

அந்த நாள் வந்தது. காலை பதினொரு மணிக்கு சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்துவிடு, சேகரையும் கூட்டிக்கொண்டு வா என்று நானே முரளிக்குப் போன் செய்திருந்தேன். பட்டு வேட்டியில் வந்தான். கூட சேகர், கையில் ஸ்வீட் டப்பா. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் கஸ்தூரி, அவள் புருஷன், ரேவதி. பத்திரம் டைப் ஆகி, நானே மூன்று தடவை படித்து, நாலு பிழை திருத்தி, தயாராக இருந்தது. முரளிக்குக் கஸ்தூரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றான்.

"என்னம்மா இது? இவுங்க எங்க இங்க?"

"நல்ல குடும்பமா பாக்கச் சொன்னேன் இல்ல முரளி. நீ பாக்கல. நானே பாத்துட்டேன்" என்றேன். பிறகு, "ரெண்டு சாட்சி வேணும், ஒண்ணு குறையுது. கையெழுத்துப் போடறியா?"

அந்த ஆபீசில் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? பத்திரம் எழுதுபவர்கள், மற்ற புரோக்கர்கள், அவன் தினமும் டீ குடிக்கிற ஆட்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என் பக்கம் குனிந்து, வெளியே போய்ப் பேசலாம் என்றான். நான் எழுந்திருக்கவில்லை. சேகரைப் பார்த்து, முரளி என்னிடம் சொன்ன விலையை, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரே ஒரு தடவை சொன்னேன். சேகர் ஸ்வீட் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு ரொம்ப மெதுவாக, "என்ன மாப்ள, எங்கிட்டயேவா?" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாட்சிக் கையெழுத்தைப் பக்கத்து டேபிளில் இருந்த ஒரு பெரியவர் போட்டார்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். முரளியின் மனைவி கீரப்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வர மாட்டேன் என்கிறாள் என்றாய். அவளுக்காக எனக்கு வருத்தம் உண்டு. அவள் கல்யாணத்துக்கு நான் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தேன். ஆனால் நான் சொன்னது ஒரு எண். அந்த எண்ணைச் செய்தவன் நான் இல்லை. அவன் உன்னிடம் அழுததாகச் சொன்னாய். கஸ்தூரி அழவில்லை, அதனால் அவளைப் பற்றி உனக்கு யாரும் போன் செய்யவில்லை.

"விட்டுடும்மா" என்கிறாயே, அது உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை ஒரு முழம் நம் பக்கம் தள்ளிக் கட்டியபோது நான் சர்வேயரைக் கூப்பிடக் கிளம்பினேன். "ஒரு முழம்தானே, விட்டுடு" என்றார் அப்பா. விட்டேன். அவருக்கு மார்வலி வந்த அன்று ஸ்ட்ரெச்சர் அந்தச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த பக்கவாட்டுச் சந்தில் நுழையவில்லை. முன்வாசலில் புதிதாகப் போட்ட சிமென்ட் தரை இன்னும் காயவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஒரு முழம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாராவது என்னிடம் விட்டுவிடு என்றால் எனக்கு அந்தச் சந்துதான் தெரிகிறது. இந்த வயதில் நான் எதையும் விடுவதாக இல்லை.

உன்னையும் சேர்த்துத்தான். விற்கிறவளுடைய கடைசி விலையை விற்றுக் கொடுக்கிறவனிடம் சொன்னவன் நீ. எந்த விலைக்கும் முடித்துவிடு என்று நீ சொன்ன பிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது. சிதம்பரத்தில் கொண்டு போய் விட்டால் போதும் என்றாயாமே. என்னை யாரும் கொண்டு வந்து விடவில்லை. நானே டாக்சி வைத்து, முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

பொங்கலுக்கு வருகிறாய். உன் டிரங்குப் பெட்டி, கேடயங்கள், சர்டிஃபிகேட் ஃபைல், அப்பா வாங்கித் தந்த கேமரா, எல்லாம் கடலூர் வீட்டில் மாடி அறையில் இருக்கின்றன. மறந்துவிட்டு வரவில்லை, வேண்டுமென்றே விட்டுவந்தேன். கஸ்தூரியிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு. நீயே போய் எடுத்துக்கொள். காலிங் பெல்லை அடித்துவிட்டு வெளியே நில். இப்போது அது அவர்கள் வீடு. யார் என்று கேட்டால் என் மகன் என்று சொல், அதற்குத் தகுந்த முகத்தோடு சொல். அவள் உட்காரச் சொல்லுவாள், வஞ்சிர மீன் குழம்பு வைத்திருப்பாள். டைம் இல்லை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று உன் வழக்கமான சாக்கெல்லாம் வேண்டாம். உட்கார்ந்து, இலையில் விழுந்ததை மிச்சமில்லாமல் சாப்பிடு. நானும் வீட்டைக் கொடுத்த அன்று அப்படித்தான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாப்பிட்ட பிறகுதான் பெட்டியைக் கொடுப்பாள், அப்படித்தான் பேச்சு.

தனியாகப் போ. முரளியோடு வந்தால் கேட்டைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கஸ்தூரி சொன்ன சொல் மாறாதவள்.

அம்மா